அஞ்சு டம்ளர் சாம்பார்

சத்தியமாகச் சொல்கிறேன், சத்தம் போட்டே சொல்கிறேன், தெருக்கோடி வரைக்கும் கேட்கட்டும். இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக் காலையிலிருந்து எனக்கு இட்லி தொண்டையில் இறங்காமல் போகட்டும். கற்பூரத்தைக் கொண்டுவாருங்கள், கையால் அடித்து அணைக்கிறேன், எந்தக் கோவில் வாசலில் என்று நீங்களே சொல்லுங்கள். சோப்புக் கம்பெனி பூதலிங்கம் சத்தியம் பண்ணினால்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று திருநெல்வேலி ஜங்ஷனில் நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த நாலு பேரும் என்னிடம் ஓசியில் கதை கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தவர்கள்தான். இப்போது மனசு லேசாக இருக்கிறது, சட்டைக்குள் காற்று போய் வருவது தெரிகிறது, அதனால் சொல்கிறேன். இன்று காலை எட்டு மணிக்கு இப்படி இல்லை. எட்டு மணிக்கு நான் மங்கள விலாஸில் உட்கார்ந்திருந்தேன், அதாவது முப்பத்தெட்டு வருஷம் பூட்டிக் கிடந்துவிட்டு நாளை மறுநாள் மறுபடி திறக்கப்போகிற மங்கள விலாஸில், அதே சலவைக்கல் மேஜைக்கு முன்னால், மூலை உடைந்த மேஜை, அந்த உடைசலில்தான் அந்தக் காலத்தில் குடையை மாட்டுவேன். எனக்கு முன்னால் வரிசையாக ஐந்து எவர்சில்வர் டம்ளர். ஐந்திலும் சாம்பார், ஆவி பறக்க. பக்கத்தில் கையில் நோட்டும் பேனாவுமாக உமா, பழைய முதலாளி கல்யாணசுந்தரம் பிள்ளையின் பேத்தி, இனிமேல் அவள்தான் முதலாளி. "தாத்தா, எங்க தாத்தா கைப்பக்குவத்தை எழுதி வைக்காமலே போய்ட்டாக. நான் அஞ்சு விதமா வச்சுப் பாத்திருக்கேன். இதுல எது அந்தக் காலத்து ருசின்னு நீங்க தொட்டுக் காட்டுங்க. நீங்க எதைத் தொடுதீங்களோ அதுதான் நம்ம கடைச் சாம்பார்." இதைக் கேட்டு நான் தலையை ஆட்டினேன், எப்படி ஆட்டினேன், ஏதோ நீதிபதி மாதிரி ஆட்டினேன். என் நாக்கு செத்து இன்றைக்கு நாற்பத்தோராவது நாள்.

நாற்பத்தொன்று. பங்குனிக் கடைசியில் ஒரு காய்ச்சல், மூன்று நாள், பெரிய காய்ச்சல்கூட இல்லை, மாத்திரையைப் போட்டுக்கொண்டு போர்த்திப் படுத்தால் போகிற காய்ச்சல். நாலாம் நாள் எழுந்து காபியை வாயில் வைத்தேன், வெந்நீர். இரண்டாவது வாய், வெந்நீர். மோந்து பார்த்தேன், டம்ளர் மட்டும் இருந்தது, வாசனை இல்லை. டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், "மூக்கும் நாக்கும் ஒண்ணா லீவு போட்டிருக்கு சார், பெரும்பாலும் வந்துடும், சில பேருக்கு வராமலும்", அந்த இடத்தில் அவர் போன் அடித்தது, எடுத்துப் பேசினார், பேசி முடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வராமலும். வராமலும் என்ன? வராமலும் போகலாமா, வராமலும் இருந்திருக்கிறதா, வராமலும் மனுஷன் வாழ்ந்துவிடலாமா? நாற்பத்தோரு நாளாக அந்த வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு அலைகிறேன். வீட்டில் சொல்லவில்லை. பகவதியிடம்கூட, அவள் என் வீட்டுக்காரி, ஐம்பத்திரண்டு வருஷம், அவளிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், இங்கே நீங்கள் சிரிக்கக்கூடாது, என்னிடம் இருந்த ஒரே மெய் அந்த நாக்குதான். மற்றதெல்லாம் அளப்பு. ஆனால் நாக்கு நிஜம். முப்பத்திரண்டு வருஷம் சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு கன்னியாகுமரியிலிருந்து விருதுநகர் வரைக்கும் லாட்ஜில் தூங்கி ஓட்டலில் சாப்பிட்டுத் தீட்டிய நாக்கு. என் பொய் அத்தனையும் அந்த ஒரு மெய்யின் மேல் ஏறி உட்கார்ந்துதான் இத்தனை காலம் கால் ஆட்டிக்கொண்டிருந்தன. அது போய்விட்டது என்று தெரிந்தால் நான் யார்? பஸ்ஸில் சீட்டு கேட்கிற இன்னொரு கிழவன்.

"ஆறட்டும் தாயி" என்றேன் உமாவிடம், "சூட்டுல ருசி ஒளிஞ்சுக்கிடும்." அந்த நிமிஷத்தில் அவித்து இறக்கிய பொய். அவள் உடனே நோட்டில் எழுதிக்கொண்டாள், 'சூட்டில் ருசி ஒளியும்', அடிக்கோடு வேறு போட்டாள், எனக்குச் சுருக்கென்றது. எதிர் நாற்காலியில் கொம்பையா. கொம்பையா யார் என்றால் மங்கள விலாஸின் பழைய சர்வர், எண்பத்து மூன்று வயசு, என்னைவிட நாலு வயசு மூப்பு, இன்னும் தோளில் துண்டைச் சர்வர் துண்டு மாதிரி மடித்துத்தான் போடுகிறான். காலைத் தூக்கி நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறான். "என்னவே, அது ஆறுததுக்கு அடுத்த ஆடி வரணுமோ?" "உமக்கு என்னவே அவசரம், எந்த டேபிள்ல ஆள் காத்துக்கிட்டு இருக்கான்?" "ஆளு ஒண்ணும் காத்துக்கிட்டு இல்ல. நீரு எந்தக் கதையத் தூக்கிட்டு வரப்போறீருன்னுதான் பாக்கேன். தண்ணிக் கதையா, பாசஞ்சர் ரயிலா?" பாருங்கள், ஆரம்பிக்கும் முன்னாலேயே வெட்டுகிறான். தண்ணீர்க் கதை உண்மை. ஒரு வாய் தண்ணீரை வைத்து அது தாமிரபரணியில் எந்தப் படித்துறையில் மொண்டது என்று சொல்வேன், குறுக்குத்துறைத் தண்ணீர் நாக்கின் நுனியில் நிற்கும், வண்ணாரப்பேட்டைத் தண்ணீர் ஓரமாகப் போகும். ஒரு தடவை குடித்துவிட்டு, இதை மொண்ட குடத்தில் நேற்று மோர் இருந்தது என்றேன், குடத்துக்காரி நாலு வீட்டுக்குக் கேட்கும்படி என்னைத் திட்டிவிட்டு, பிறகு ஆமாம் என்றாள். சாத்தூரில் ஒரு மெஸ்ஸில் ரசத்தை உறிஞ்சிவிட்டு, சரக்கு மாஸ்டருக்கும் அவர் சம்சாரத்துக்கும் காலையில் சண்டையா என்று கேட்டேன், புளியைப் பிழிந்த பிழியில் தெரிந்தது, அந்த மனுஷன் கரண்டியோடு வெளியே வந்து என் தோளில் சாய்ந்து அழுதார், தோளெல்லாம் பெருங்காயம். ரயில் கதையும் உண்மைதான், குற்றாலம் சீசன், சாரல், ஓலைக் கொட்டகைப் பரோட்டாக்கடை, கல்லில் எண்ணெய் தெறிக்கிற சத்தமும் ஓலையில் சாரல் விழுகிற சத்தமும் எது எது என்று தெரியாமல் ஒன்றாகிவிட்ட சாயங்காலம், நான் பதினாலு பரோட்டா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் செங்கோட்டைப் பாசஞ்சர் எனக்காக நின்றது. பதினாலு என்பது ஒன்பதாக இருக்கலாம். ரயில் நின்றது நிஜம். கார்டு பக்கத்து இலையில் உட்கார்ந்து அவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதை மட்டும் கதையில் சொல்வதில்லை, அவ்வளவுதானே.

ஆனால் பாருங்கள், பரோட்டாவை நினைத்தால் எண்ணெய் தெறிக்கிறது, சாரல் விழுகிறது, கார்டின் பச்சைக்கொடி அவர் கக்கத்தில் சுருட்டி இருக்கிறது, சால்னா இலையைத் தாண்டி மேஜை விளிம்புக்கு ஓடுகிறது, நான் கையால் அணை கட்டுகிறேன், எல்லாம் வருகிறது, சால்னா வாய்க்குள் வருகிற இடத்தில் படம் அறுந்துவிடுகிறது. இந்த நாற்பத்தோரு நாளும் இதுதான். ராத்திரி பகல் பார்க்காமல் ஒவ்வொரு ஓட்டலாக நினைவில் ஏறி இறங்குகிறேன், மேலப்பாளையத்தில் பாய் வீட்டு முன்அறையில் நாலே நாலு பெஞ்சு போட்டு நடத்திய சாப்பாட்டுக்கடை, அங்கே நெய்ச்சோறு தட்டில் விழும்போது கிண்ணத்தின் வடிவத்திலேயே ஒரு நொடி நின்று பிறகு மெல்லச் சரியும், அந்தச் சரிவு கண்ணில் இருக்கிறது, பாய் "பிள்ள, வெக்கப்படாம சாப்பிடு, கறி கெடக்கு" என்பது காதில் இருக்கிறது, சோறு? நாகர்கோவிலில் அடைப்பிரதமன் பாயசம் ஊற்றுகிற ஒரு மத்தியான ஓட்டல், அதில் அப்பளத்தைக் கையால் நொறுக்கிப் போடுகிற சத்தம் இருபது இலையில் ஒரே சமயத்தில் கேட்கும், சத்தம் இருக்கிறது, பிரதமன்? விருதுநகரில் எண்ணெயில் பொரித்த பரோட்டா, உடைத்த சத்தத்துக்கு எதிர்வரிசையில் தூங்கிய நாய் எழுந்து உட்கார்ந்தது, நாய் இருக்கிறது, அதன் ஒரு காது மடங்கியிருந்தது, பரோட்டா எங்கே? நாய்க்கெல்லாம் இடம் இருக்கிறது மண்டையில். சரி, விடு, வேறு எதுவும் வேண்டாம், இப்போது மங்கள விலாஸ் சாம்பார் மட்டும் வரட்டும், அதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறோம், கண்ணுக்கு முன்னால் ஐந்து டம்ளர் ஆறிக்கொண்டிருக்கிறது. நினை. வாசல். இரண்டு படி, இரண்டாவது படி கொஞ்சம் உயரம், தெரியாதவன் தடுக்கி நேராகக் கல்லாப் பக்கம் போய்க் கும்பிடுவான், முதலாளி அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவார். இடது பக்கம் ஆளுயரக் கண்ணாடி. தரையில் கறுப்பு வெள்ளை ஓடு, ஈரத்துணியால் துடைத்த தடம் வளைவு வளைவாக. கை கழுவும் இடத்தில் பித்தளைக் குழாய், அதற்குக் கீழே கல் தொட்டி, தொட்டியில் ஒரு கறிவேப்பிலை எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். கொம்பையா வருகிறான், முப்பது வயசுக் கொம்பையா, இடது கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஏழு தட்டு, வலது கையில் சாம்பார் வாளி, உள்ளே பார்த்து ராகமாகக் குரல் கொடுக்கிறான், "மூணு செட் இட்லி, ஒரு ரவா, ரவால மொளகு பாத்து", வாளியைச் சாய்க்கிறான், சாம்பார் இட்லி மேல் விழுகிறது, இட்லி ஓரத்தில் குழிகள் திறந்து அதைக் குடிக்கிறது, நான் விரலால் பிட்டு எடுக்கிறேன், வாய்க்கு, வாய்க்குக் கொண்டுபோகிறேன், வராமலும். வராமலும். டாக்டருடைய போன் அடிக்கிறது.

உமாவுக்குப் போன் வந்து அவள் சமையல்கட்டுப் பக்கம் போனாள். மேலே இரண்டு பேர் ஏணியில் நின்று மின்விசிறிக்கு இறக்கை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கொம்பையா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பகவதி சவுக்கியமா?" என்றான். சவுக்கியம் என்றேன். சவுக்கியம்தான், ஆனால் போன செவ்வாய்க்கிழமை அவள் சொதி வைத்தாள். தேங்காய்ப்பால் சொதி, இஞ்சித் துவையல், எனக்கு இந்த உலகத்தில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது, அது அவளுக்குத் தெரியும். நான் முதல் வாயிலேயே, "ஆகா, இன்னைக்குத்தான் உன் கை பேசுது" என்றேன், தலையை வேறு அசைத்தேன், ஒரு அசைவு அதிகமாகவே அசைத்தேன் என்று நினைக்கிறேன். அவள் தன் தட்டில் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். உப்புப் போடாத சொதியை உலகத்திலேயே சிறந்த சொதி என்று சொன்ன நாக்கு இது. இதைக் கொண்டுவந்துதான் மங்கள விலாஸ் சலவைக்கல் மேஜையில் வைத்திருக்கிறேன். வராமலே இருந்திருக்கலாம், காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் உமா வீட்டுக்கே வந்து, "உங்களை விட்டா அந்த ருசிக்குச் சாட்சி யாரு இருக்கா தாத்தா" என்று கேட்டபோது பகவதி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், நான் என்ன செய்ய, நெஞ்சு தானாக விரிந்துவிட்டது, இந்தச் சவத்துப் பெருமைக்கு நாக்கு வேண்டியதில்லை.

சாட்சி. அந்த ருசிக்கு நான் சாட்சிதானா? அங்கே ஆயிரம் தடவை சாப்பிட்டிருக்கிறேன், அதில் ஒரு தடவையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. இருபத்து நாலு வயசு, அப்பா போன அன்று. வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை, விடியற்காலையிலிருந்து வெறும் பச்சைத்தண்ணீர்தான், நான் மூத்தவன், மொட்டை போட்டு, கொள்ளி வைத்து, ஆற்றில் முங்கி, ஈர வேட்டியோடு வண்டிக்குத் திரும்புகிற கூட்டத்தில் நடக்கிறேன், பசிக்கிறது. அப்பா வெந்துகொண்டிருக்கிறார், எனக்குப் பசிக்கிறது. கூட்டத்திலிருந்து எப்படி நழுவினேன் என்று தெரியவில்லை, மங்கள விலாஸ் பின்வாசலில் நிற்கிறேன். கொம்பையா வாளி கழுவிக்கொண்டிருந்தான். தலையைப் பார்த்தான், வேட்டியைப் பார்த்தான். பாதிக் கதவு போட்ட ஃபேமிலி ரூமுக்குள் என்னைத் தள்ளி, இலை போட்டு, இரண்டு இட்லி வைத்தான், பிறகு கேட்காமலே இன்னும் இரண்டு, சாம்பாரை இலை நிறைய ஊற்றிவிட்டு வெளியே போய்க் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டான். யாரோ குடும்பத்தோடு வந்திருக்க வேண்டும், "உள்ள பெயிண்ட் அடிச்சிருக்கு, ஒட்டிக்கிடும், இங்கன உக்காருங்க" என்று அவன் சொல்வது கேட்டது. நான் சாப்பிட்டேன். நாலு இட்லியும் சாப்பிட்டேன், இலையை வழித்தேன். அந்தச் சாம்பார் எப்படி இருந்தது? யோசிக்கிறேன். உப்பா, புளியா, மல்லி தூக்கலா, ஒன்றும் இல்லை. மூக்கு அடைத்திருந்தது, கண்ணிலிருந்து வந்ததும் அதில் விழுந்துகொண்டிருந்தது, சூடாக இருந்தது என்பது மட்டும் தெரியும். ஐம்பத்தைந்து வருஷமாக ஊர் ஊராக மங்கள விலாஸ் சாம்பார் மாதிரி வருமா என்று சொல்லிக்கொண்டு திரிகிறேனே, எதைச் சொன்னேன்? ருசியே தெரியாத அந்த நாலு இட்லியைத்தான் சொன்னேனோ என்னவோ.

உமா திரும்பி வந்துவிட்டாள். "ஆறிருச்சு தாத்தா." இனிமேல் ஒளிய இடம் இல்லை, முதல் டம்ளரை எடுத்தேன். வாயில் ஊற்றினேன். வெதுவெதுப்பு, கொழகொழப்பு, ஒரு பருப்பு நாக்கில் உருண்டது, தொண்டைக்கு இறங்குகிற இடத்தில் மிளகாய் ஒரு கீறு கீறியது. காரம் மட்டும் தெரிகிறது, அது ருசியில்லை, வலி, வலிக்குக் காய்ச்சல் லீவு கொடுக்கவில்லை. சரி, காரத்தை வைத்தாவது பிடித்துவிடலாம் என்று இரண்டாவதை எடுத்தேன். வெதுவெதுப்பு, கொழகொழப்பு, கீறல். அதே கீறல். மூன்றாவது. உமாவின் முகத்தைப் பார்க்கிறேன், கடைக்காரன் முகத்தைப் பார்த்தே அவனுக்கு எத்தனை பெட்டி சோப்பு வேண்டும் என்று சொன்னவன் நான், முகத்தில் ஏதாவது துடிக்காதா, எந்த டம்ளருக்குக் கண் விரிகிறது? ஒன்றும் இல்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் முகத்தை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்கள். கொம்பையாவைப் பார்க்கிறேன், வெற்றிலை மெல்லுகிறான், மாடு மாதிரி, ஒரே தாளம். நாலு. ஐந்து. அதே கீறல், அதே இடம். என் நாக்கு இனிமேல் ஒரு ஈரமான தோல்துண்டு, அவ்வளவுதான். யோசி. ஒன்றைச் சொல். மூன்று என்று சொல். மனுஷன் பிரியமானதை நடுவில்தான் வைப்பான், உமா தாத்தா கைப்பக்குவத்துக்குப் பக்கமாக வந்ததை நடுவில்தான் வைத்திருப்பாள். மூன்று என்று சொல்லி, கதையையும் கூடவே அவிழ்த்துவிடு, "இதுலதான் மல்லியை நெறம் மாறுததுக்கு ஒரு மூச்சு முந்தி எறக்கியிருக்கு, அது உங்க தாத்தா மூச்சு", வாயில் வந்துவிட்டது, நல்ல வாக்கியம், விரல்கூட மூன்றாவது டம்ளர் பக்கம் நகர்ந்துவிட்டது. அப்போது அவள் கை கண்ணில் பட்டது. பேனா மூடியைக் கட்டை விரல் நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தாள், நகம் வெளுத்துப்போய் இருந்தது. நான் மூன்று என்றால் மூன்று. நாளை மறுநாளிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மூன்றாவது டம்ளரைத்தான் அண்டா அண்டாவாக வைப்பாள், சாப்பிடுகிறவன் முகம் சுளித்தால், உனக்குத் தெரியாது, இதுதான் பழைய ருசி, பூதலிங்கம் தாத்தாவே சொன்னாக என்பாள், பத்து வருஷம் சொல்வாள். என் பொய்யால் இதுவரை ஒருத்தருக்கும் வயிறு வலித்ததில்லை. ரயில் நின்றதால் யாருக்கும் நஷ்டம் இல்லை, நாய் எழுந்து உட்கார்ந்ததால் நாய்க்கு நஷ்டம் இல்லை. இது அப்படி இல்லை. விரலை இழுத்துக்கொண்டேன்.

"தாயி" என்றேன், குரல் எனக்கே புதுசாக இருந்தது, "ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக்கூடாது. எனக்கு அஞ்சும் ஒண்ணு போலத்தான் இருக்கு. ஒரு வித்தியாசமும் தெரியல." சொல்லிவிட்டேன். அடுத்த வாக்கியம், என் நாக்கு போய் நாற்பத்தோரு நாள் ஆகிவிட்டது என்கிற வாக்கியம், வாய்க்குள் எழுந்து நின்றுவிட்டது, கதவைத் திறந்தால் வெளியே வரும். திறக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் உமா ஒரு கூச்சல் போட்டாள், ஏணியில் நின்றவன் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "கொம்பையா தாத்தா! நான் சொன்னேன்லா? சொன்னேன்லா?" நோட்டு ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அஞ்சும் ஒரே அண்டாதான் தாத்தா! ஒரே கரண்டி! இவுகதான், அந்த மனுஷன் சும்மா அளப்பாரு, எல்லாத்தையும் ஒரே அண்டால ஊத்திக் குடு, மூணாவது டம்ளர்தான்னு கதை விடுவாரு பாருன்னு சொன்னாக. நான் சொன்னேன், எங்க தாத்தா சும்மாவா உங்களைத் தங்க நாக்குன்னு சொல்லுவாகன்னு!" மூன்றாவது டம்ளர். என் விரல் எத்தனை அங்குலம் போயிருந்தது என்று கண்ணால் அளந்தேன், நாலு அங்குலம். நாலு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் இன்றைக்கு நான் இந்த ஊரில் நடக்க முடியாது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு இருமலாக வெளியே வந்தது, "பாத்தியா, மொளகா, கமறுது" என்றேன். உடம்பில் இருந்த நாற்பத்தோரு நாளும் கால் வழியாக இறங்கிக் கறுப்பு வெள்ளை ஓட்டில் ஓடிப்போன மாதிரி இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய இடத்தில் உண்மையைச் சொன்னேன், அதற்குப் போய் எனக்கு மகுடம் வைக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்வதற்கு நான் என்ன மகானா?

உமா விடவில்லை. "சரி தாத்தா, இப்ப நெசமாச் சொல்லுங்க. இது அந்தப் பழைய ருசியா?" "அதைக் கொம்பையாகிட்டயே கேளு, அவருதான வாளி தூக்குனவரு" என்று தள்ளிவிட்டேன். கொம்பையா டம்ளரை எடுத்தான், ஒரு வாய் குடித்தான், வாயை ஒரு தடவை சப்பினான். "பழசாவது புதுசாவது. ஒரு நா மாதிரி ஒரு நா இருந்ததே கெடையாது பாப்பா. காய் வெல கொறஞ்சா காய் மெதக்கும், கூடுனா தண்ணி மெதக்கும். உங்க தாத்தா தெனமும் காலையில ஒரு கரண்டி குடிச்சுப் பாத்துட்டு, நேத்து நல்லாருந்துச்சேன்னுதான் சொல்லுவாரு. ஒருநாளும் இன்னைக்கு நல்லாருக்குன்னு சொன்னதில்ல. இது நல்லாருக்கு. போயி அடுப்பப் பாரு." உமா நோட்டைக் குனிந்து எடுத்தாள், எதையும் எழுதாமல் மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, "இருங்க, காப்பி அனுப்புதேன்" என்று ஓடினாள். நடையே வேறாக இருந்தது, முதலாளி நடை. காபியைக் கொம்பையாவே எழுந்து போய்க் கொண்டுவந்தான், டபராவில் ஒரு சொட்டு சிந்தாமல், எண்பத்து மூன்று வயசில். குடித்தேன். "சர்க்கரை சரியா இருக்காவே?" என்றான். "அளவா இருக்கு, நம்ம காலத்துக் காப்பி மாதிரியே." அவன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். குரலைத் தணித்தான். "அதுல சர்க்கரையே போடல. நாக்கு போயி எத்தன நாளாச்சு?"

மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது, யாரோ சுவிட்சைப் போட்டுப் பார்க்கிறார்கள், பழைய தூசி ஒரு கொத்து மேஜையில் விழுந்தது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன், இரண்டாவது படி உயரம். "எப்படிவே தெரிஞ்சுது?" "நாக்கு இருக்கவன் வாயில ஊத்துன ஒடனே கண்ண மூடுவான். இங்கயும் மத்த ஓட்டல்லயும் அம்பது வருசம் தின்னுதவன் மொகத்தத்தான பாத்தேன். நீரு ஒரு தடவ மூடல. எங்க மொகத்தப் பாத்துக்கிட்டே குடிச்சீரு." மேஜையில் விழுந்த தூசியை விரலால் வழித்தேன். "எத்தன நாளு?" "நாப்பத்தொண்ணு." "பூ" என்றான், ஊதித் தள்ளுகிற மாதிரி, "எனக்கு ஏழு மாசம்." நான் அவனைப் பார்த்தேன். "நாலு வருசத்துக்கு முந்தி, இதே மாதிரிக் காச்ச. ஒரு பயகிட்ட சொல்லல. மருமவ எதை வச்சாலும் வழிச்சு வழிச்சுத் தின்னேன், அவளுக்கு ஒரே பெரும, மாமா நல்லாச் சாப்பிடுதாகன்னு. உள்ளுக்குள்ள சாம்பலத் திங்க மாதிரி இருக்கும். பொறவு ஒருநா பாவக்காக் குழம்பு. சும்மா தின்னுக்கிட்டே இருக்கேன், கசக்குது. கசக்குதுவே! இலைக்கு முன்னால உக்காந்து சின்னப்பிள்ள மாதிரி அழுதேன். மருமவ பதறிப்போயி, மாமா மன்னிச்சுக்கிடுங்க, காய் முத்தலுன்னு சொல்லுதா." அவனுக்குச் சிரிப்பு வந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். "மொதல்ல கசப்புதான் வரும். பொறவு புளிப்பு. இனிப்பு மட்டும் கொஞ்சம் பிகு பண்ணும், வந்துரும். அதான் சர்க்கரை போடல. கடுங்கசப்பா போடச் சொன்னேன். இன்னொரு வாய் குடியும். கண்ண மூடிக் குடியும்."

கண்ணை மூடினேன். குடித்தேன். வெந்நீர். வெந்நீர்தான். இறங்கிவிட்டது. பிறகு, இறங்கின பிறகு, நாக்கில் இல்லை, நாக்குக்கும் பின்னால், தொண்டையும் காதும் சேருகிற ஒரு மூலையில், நகக்கண் அளவு ஒன்று, இருட்டறைக்குள் யாரோ தீக்குச்சியைக் கிழித்து அது பற்றாமல் போனால் ஒரு பொறி தெரியுமே, அந்த மாதிரி ஒன்று. கசப்பா? இருக்கலாம். ஆசையாகவும் இருக்கலாம். கண்ணைத் திறக்காமல் இன்னொரு வாய் குடித்தேன், ஒன்றும் இல்லை. இன்னொரு வாய். இருந்தது. "என்ன?" என்றான் கொம்பையா. "கொஞ்சம் இரும்வே" என்றேன். அவன் டபரா காலியாகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் முத்தலாகப் பார்த்து அரைக்கிலோ பாகற்காய் வாங்கியிருக்கிறேன், பகவதியிடம் ஒரு பேச்சு இருக்கிறது, உப்பு ஜாடியை நடுவில் வைத்துக்கொண்டே பேசிவிடலாம். நாளை மறுநாள் திறப்பு, நீங்கள் கட்டாயம் போய் நாலு இட்லி சாப்பிடுங்கள், சுவரில் 'ஐந்து டம்ளரை ஒரே அண்டா என்று கண்டுபிடித்த தங்க நாக்கு' என்று ஏதாவது எழுதிப் போட்டிருந்தால் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஆச்சரியப்படுங்கள், நன்றாகவே ஆச்சரியப்படுங்கள். ஆனால் இந்தக் கதையை அங்கே வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். சொல்லித்தான் தீரவேண்டும் என்று வயிறு ஊதினால் சொல்லிக்கொள்ளுங்கள், உங்கள் வயிறு எனக்குத் தெரியும், ஆனால் யார் சொன்னது என்று கேட்டால் மட்டும், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரோ, பெயர் தெரியாது, பாளையங்கோட்டையில் இறங்கிப் போய்விட்டார் என்று சொல்லிவிடுங்கள்.